அம்மம்மாவும் காளானின் அடியும்

போன ஒக்டோபரில் வைலே நகரின் நொர்ரஸ்கோவன் காட்டில் மகள் எடுத்த முதல் காளான் படத்தில், காய்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் தெரிந்தது. நின்றபடி மேலேயிருந்து எடுத்தது. ஸ்வம்பஅட்லஸில் பதிந்தோம். 2009இல் தொடங்கிய இந்த டெனிஷ் காளான் அட்லஸில் கண்டதை யாரும் பதியலாம். செயலி ஒரு பெயரை ஊகிக்கும், பிறகு விஷயம் தெரிந்தவர்கள் சரிபார்ப்பார்கள். எங்கட பொட்டுக்கு ஒருவராலும் பெயர் சொல்ல முடியவில்லை.

"முழங்காலில இருந்து எடு பிள்ளை" என்றேன். பக்கவாட்டில் ஒன்று. குடையைத் திருப்பி, அடியிலுள்ள மடிப்புகள் தெரிய ஒன்று. அளவுக்குப் பக்கத்தில் 20 குரோணர் குத்தி. அது 27 மில்லிமீற்றர். மேலே நிற்கும் மரத்தின் இலையும் வரட்டும், பல காளான்களுக்கு மரவேரோடுதான் சீவியம். ஸூம் வேண்டாம், கிட்டப் போகட்டும். (பிள்ளைகள் முதலில் தொடுவது அதைத்தான்!)

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்டின் அடி. ஒடிக்காமல் மண்ணோடு கிண்டி எடுக்க வேணும். ஏன் என்பது அம்மா வந்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஓக் மரத்தடியில் வெளிர்பச்சைக் குடையொன்று. "இது எங்கட வைக்கல் காளானெல்லே! மழை விட்டா பட்டடையடியில முளைக்கும், கறி வைப்பம்" என்று அம்மா குனிந்தா.

"அம்மம்மா, ஒடிக்காதேங்கோ, அடி வேணும்!"

மகள் கரண்டியால் கிண்டினாள். அடியில் கிழிந்த வெள்ளைப் பை. அம்மாவுக்கு இன்னும் சந்தோஷம், ஊர்க் காளானுக்கும் அதே பை உண்டு. மகள் குடையைத் திருப்பினாள். மடிப்புகள் தனி வெள்ளை. ஊர்க் காளான் விரிந்தால் அவை இளஞ்சிவப்பாகும்.

சரிபார்த்து வந்த பெயர் குரோன் ஃப்ளூவஸ்வம்ப். ஒரு காளானே ஆளைக் கொல்லக் காணும். அவித்தாலும் நஞ்சு போகாது. வாந்தி தொடங்க ஆறு மணித்தியாலத்துக்கு மேலாகும், அதற்குள் ஈரலில் வேலை தொடங்கிவிடும். கன்பராவில் இதைத் தின்ற இரண்டு பேர் 2012 தொடக்கத்தில் இறந்தார்கள். செயலி சொல்லும் பெயரை நம்பியும் சமைக்கக்கூடாது. நஞ்சு உதவி எண் 82 12 12 12 இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

அம்மா வீடு வரும்வரை கதைக்கவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சொன்னா:

"வந்த புதிசில முகாமுக்குப் பின்னால இப்பிடி ஒரு கூடை பிடுங்கினனான். அடியை விட்டிட்டு, துப்பரவா ஒடிச்சு. கொப்பா சண்டை பிடிச்சு எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டார். ரெண்டு நாள் நான் அவரோட கதைக்கேல்லை."