டொக்!

எங்கள் வயதுக்காரர்கள் சிலர் இன்னும் பழைய டீசல் வண்டியை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் அப்படி ஒரு நண்பர் போன் செய்து, "செல்ஃப் அடிக்க மாட்டேங்குது, புதுசு வாங்கச் சொல்றான், என்ன பண்ண?" என்று கேட்டார். "அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, என் கதையைச் சொன்னேன். அதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

1998, ஐப்பசி மழை. என்னிடம் அப்போது பழைய அம்பாசிடர் டீசல் வண்டி. இரவு இரண்டு மணிக்கு என் மனைவிக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. பம்ப் அடித்தும் அடங்கவில்லை. பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, ஹீட்டர் போட்டுக் காத்திருந்து, சாவியைத் திருப்பினேன். "டொக்". அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். மறுபடி "டொக்". பின்னால் அவள் மூச்சு விசில் அடிப்பது அந்த மழையிலும் கேட்டது.

எதிர்வீட்டுத் தம்பிகள் மூன்று பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினோம். தெருமுனையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தாமல் ஓடவிட்டே அவளை உள்ளே கொண்டுபோனேன். விடியும்போது மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

சொல்லித்தான் இருந்தாள். ஒரு வாரத்துக்கு முன்பே, "ஏங்க, வண்டி இழுத்து இழுத்து எடுக்குது, சத்தம் சரியில்ல" என்றாள். "பாட்டரி புதுசு, செல்ஃபை இப்போதானே பிரிச்சு வேலை பார்த்தோம், உனக்கென்ன தெரியும்" என்று வாயை அடைத்தவன் நான்.

ஒரு மெக்கானிக் பாட்டரியை மாற்றியிருந்தார். பிறகு செல்ஃபைக் கழற்றிக் கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார். இப்போது, "ஹெட்லைட் பளிச்சுனு எரியுது சார், அப்போ பாட்டரி நல்லாருக்கு. செல்ஃப்தான் போச்சு, புதுசு போட்டுடலாம்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பணம் இல்லை.

நெல்லித்தோப்பு பக்கம் பாட்டரி, வயரிங் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் செல்ஃபைத் தொடவே இல்லை. நாலைந்து முறை சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சினை நிறுத்த இழுப்போமே, அந்தக் கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்களும் தொடுங்க சார்" என்றார். சுட்டது! "எஞ்சின்ல எர்த் இல்ல. கரண்டு திரும்பிப் போக வழி தெரியாம இந்தக் கம்பி வழியாப் போவுது" என்றார். ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை பாட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் மாட்டினார். "இப்போ அடிங்க." ஒரே சுற்றில் எடுத்தது.

எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். கடற்காற்று அதைத் தின்றிருந்தது. விளக்குக்கு எர்த் பாடியில் கிடைப்பதால் அது பளிச்சென்று எரியும். செல்ஃபுக்கு எர்த் எஞ்சின் வழியாகத்தான். நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்தப் பச்சைப் பூஞ்சணம் பிடித்த பட்டையில் எப்படிப் போகும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பட்டை முடுக்கி, வாசலின் தடவினார். அந்த மாதம் நான் செலவழித்ததில் அதுதான் மிகக் குறைந்த தொகை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆபீஸில் கோப்பு தள்ளியவன் நான். கோப்பு அனுப்பியாகிவிட்டதா என்று எல்லோரும் கேட்பார்கள். திரும்பி வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கரண்டும் அப்படித்தான். போன வழியை எல்லோரும் பார்த்தோம். வரும் வழியைப் பெரியவர் ஒருவர்தான் பார்த்தார்.

ஆகவே நண்பர்களே, செல்ஃபைக் கழற்றும் முன்பு:

எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபைக் குறை சொல்லாதீர்கள். ஹீட்டர் பிளக்கையும் டீசல் வருகிறதா என்பதையும் பாருங்கள்.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பாட்டரி அல்லது அதன் டெர்மினல்; அபூர்வமாக, செல்ஃப் இறுகியிருக்கும். வெளிச்சம் குறையாமல் "டொக்" மட்டும் கேட்டால் சோலனாய்டு, கார்பன் பிரஷ், அல்லது எர்த். "விர்ர்" என்று தனியாகச் சுற்றினால் பல்சக்கரம் கோக்கவில்லை.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் முதலில் சார்ஜ் போட்டுப் பாருங்கள். அப்புறமும் விழுந்தால் பாட்டரியைச் சோதியுங்கள். அடுத்து ஒரு முனையை பாட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பத்து வினாடிக்கு மேல் விடாமல் அடிக்காதீர்கள், செல்ஃப் சூடாகிவிடும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு செல்ஃப் என்றால் "தெமரர்", எர்த் என்றால் "மாஸ்". இன்றைய பிள்ளைகள் சினிமாவுக்குச் சொல்லும் மாஸ் அல்ல! "தெமரே" என்ற சொல்லுக்கு ஆதியில் கரையில் கட்டிய கப்பலின் கயிற்றை அவிழ்ப்பது என்று பொருள் என எங்கள் வாத்தியார் சொல்லியிருக்கிறார். எங்கள் வண்டியோ, ஒரு முழக் கயிறு அறுந்ததால் கிளம்பாமல் நின்றது.

அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் அவள் என்னோடு இருந்தாள். வண்டியில் ஏதாவது புதுச் சத்தம் கேட்டால், "என்னமோ சத்தம் வருதே?" என்று நானே அவளிடம் கேட்பேன். அவள் காது ஒருமுறைகூடத் தப்பியதில்லை.