மிஸ்ஸா என்றால் என்ன?

கத்தோலிக்கர்களின் திருப்பலிக்கு லத்தீனில் 'மிஸ்ஸா' என்று பெயர். ஆங்கிலத்தில் 'மாஸ்' என்கிறார்களே, அதற்கு மூலம் இதுதான். பலி, விருந்து, வழிபாடு என்று ஏதாவது பொருள் இருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. 'அனுப்பி வைத்தல்' என்பதுதான் பொருள்!

பூசை முடிந்ததும் திருத்தொண்டர் (அவர் இல்லாவிட்டால் குருவானவரே) மக்களைப் பார்த்து 'ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்' என்பார். புறப்படுங்கள், விடை கொடுத்தாயிற்று என்கிற மாதிரி. அந்தக் கடைசி வரியிலிருந்த சொல் முழுச் சடங்குக்கும் பெயராகிவிட்டது. கச்சேரிக்கே 'மங்களம்' என்று பெயர் வைத்தது போல.

வேடிக்கை இசையில்தான் இருக்கிறது. இசைக்காரர்களுக்கு மிஸ்ஸா என்றால் கீரியே, குளோரியா, கிரேதோ, சாங்துஸ், ஆக்னுஸ் தேயி என்று ஐந்து பகுதிகள். (இதில் கீரியே லத்தீனே அல்ல, கிரேக்கம்.) பெயர் கொடுத்த அந்தக் கடைசி வரி பட்டியலில் இல்லை! 14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கியோம் தெ மஷோ அதற்கும் இசை அமைத்தார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

இசையும் மெல்ல மெல்லக் கோயிலை விட்டு வெளியேறியது. பேத்தோவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மாணவர் ருடால்ஃப் இளவரசர் 1820 மார்ச்சில் பேராயராகப் பதவியேற்றார். அந்த விழாவுக்காக எழுதத் தொடங்கியதுதான் 'மிஸ்ஸா சோலெம்னிஸ்'. எழுதி முடிப்பதற்குள் 1823 வந்துவிட்டது. 1824 ஏப்ரலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதன்முதலாக முழுதும் பாடப்பட்டது, கச்சேரியாக. அடுத்த மாதம் வியன்னாவில் அதன் மூன்று பகுதிகள் நாடக அரங்கொன்றில் ஒலித்தன. வழிபாட்டு இசையை அரங்கில் பாடுவதற்கு எதிர்ப்பு இருந்ததால், நிகழ்ச்சி நிரலில் 'கீதங்கள்' என்று போட்டுச் சமாளித்தார்கள்.

சடங்கில்லாமல் பாடுவதை மிஸ்ஸா எனலாமா? 1903ல் திருத்தந்தை பத்தாம் பயஸ், இசைதான் வழிபாட்டுக்குப் பணிவிடை செய்யவேண்டும், வழிபாடு இசைக்கு அல்ல என்று கண்டிப்பாக எழுதினார். கோயிலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியே. ஒரு 'குளோரியா' முடியும்வரை பீடத்தில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தால் அது பூசையா, கச்சேரியா? ஆனால் லூத்தரன் சபையைச் சேர்ந்த பாக், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும் பி மைனர் மிஸ்ஸாவை 1749 வாக்கில் எழுதி முடித்தார். அவர் உயிரோடு இருந்தபோது அது முழுதாகப் பாடப்பட்டதற்குச் சான்றே இல்லை. அதைப் பக்தி இல்லாத வேலை என்று எப்படித் தள்ளுவது?

இன்றும் லத்தீனில் நடக்கும் திருப்பலியில் அதே மூன்று சொற்களால்தான் மக்களுக்கு விடை கொடுக்கிறார்கள். 'தேயோ கிராத்சியாஸ்', இறைவனுக்கு நன்றி என்று அவர்களும் பதில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். அரங்கில் பேத்தோவனின் மிஸ்ஸா முடியும்போது போகச் சொல்ல யாருமில்லை. கைதட்டிவிட்டு அவரவராக எழுந்து போகிறார்கள்.