நன்னீர் மீன் தொட்டியில் உப்பு போடலாமா? அக்காள்மடம் கிணறு சொல்லும் பதில்!

பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து ஏறியதும் எல்லோருடைய செல்போனும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. பாலம் இறங்கினால் பாம்பன். அதைத் தாண்டினால் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். சேதுபதி மன்னரின் இரண்டு மகள்களின் நினைவாக எழுந்த மடங்களால்தான் இந்தப் பெயர்கள் வந்தன என்பது ஊர் வழக்கு. ராமேஸ்வரம் போகிற அவசரத்தில் யாரும் அக்காள்மடத்தில் இறங்குவதில்லை. இறங்கிப் பார்த்தால் தென்னை, மணல், வலை, வீட்டுக்கு வீடு கிணறு.

இரண்டு பக்கமும் கடல் இருக்கும் தீவில் கிணற்றில் எப்படி நல்ல தண்ணீர் வரும்? மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைவு, கடல்நீர் கனம். அவ்வளவுதான் விஷயம். நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கலாம் என்பது நிலத்தடிநீர் ஆய்வாளர்களின் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கிறது. மோட்டார் போட்டு உறிஞ்சி, மேலே நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும், கீழிருந்து உப்பு பல மடங்கு மேலேறும்.

இந்தக் கடலோரத்தில் மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் மெதுவாக மொண்டு குடம் நிரப்புவதை இன்றும் பார்க்கலாம். அவசரப்பட்டு அள்ளினால் தண்ணீர் கலங்கும், கரிக்கும். தங்கச்சிமடம் பகுதி மல்லிகை நாற்றுக்குப் பேர்போனது. அந்த நாற்றுகள் குடிப்பதும் இந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தைத்தான்.

அக்காள்மடத்தில் நான் போன வீட்டுத் திண்ணையில் 2 அடி நீளக் கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே கப்பிகள், தரையைத் துழாவும் கோரிடோராஸ் கெளுத்திகள். கல்லூரி படிக்கும் பேரன் வளர்க்கிறான். ‘உப்பு போட்டால் மீனுக்கு நோயே வராது’ என்று யாரோ சொல்ல, ஞாயிறுதோறும் ஒரு கைப்பிடி கல் உப்பு. கெளுத்திகள் இரண்டு செத்துவிட்டன. மிச்சம் இருந்தவை மூலையில் சோர்ந்து கிடந்தன. இன்னும் கொஞ்சம் உப்பு போடலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்க, பாட்டி சொன்னதுதான் சரியான கேள்வி: “ஏன் தம்பி, கெணத்துத் தண்ணியே சித்திரையில கரிக்குது. அதுல நீ வேற எதுக்குடா உப்ப கொட்டுற?”

நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் திரவத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்பு இருக்கிறது. வெளியே இருக்கும் தண்ணீரில் அது மிகமிகக் குறைவு. மாங்காயில் உப்பைப் பிசிறினால் தண்ணீர் விடுகிறதே, அதே கதை. உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் ஓடும். அதனால் மீனின் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். மீனும் ஓயாமல் சிறுநீராக அதை வெளியேற்றி, போகிற உப்பைச் செவுளால் மீட்டுக்கொண்டே இருக்கும். கடல் மீனுக்கு எல்லாம் தலைகீழ். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரில் அது தண்ணீரை இழக்கிறது. ஆகவே கடலைக் குடித்து உப்பைத் துப்புகிறது. நம்ம ஊர் கொடுவா, மடவை மாதிரி சிலதுதான் இரண்டு பக்கமும் சமாளிக்கும் கில்லாடிகள்.

ஆக, அடிபட்ட, நோயுற்ற, பயணத்தில் களைத்த நன்னீர் மீனுக்குக் கொஞ்சம் உப்பு ஓய்வு தரும். வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமியை அடக்கவும் உதவும். புதுத் தொட்டியில் நைட்ரைட் ஏறினால், உப்பிலுள்ள குளோரைடு அதைச் செவுளில் தடுத்து நிறுத்தும். ஆனால் அம்மோனியாவுக்கு உப்பு மருந்தல்ல, அதற்குத் தண்ணீர் மாற்றுவதுதான் வழி. காய்ச்சல் இல்லாதவருக்குத் தினமும் பாராசிட்டமால் கொடுப்பீர்களா? ஆரோக்கியமான மீனுக்கு வாராவாரம் உப்பும் அப்படித்தான் என்பது என் கட்சி.

அளவு? லிட்டருக்கு 1 முதல் 3 கிராம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 56 லிட்டர் பிடிக்கும். கல் போட்டு, விளிம்பு விட்டால் 50 லிட்டர். அதற்கு 50 கிராமில் தொடங்கி, ஓரிரு நாளில் மெதுவாகக் கூட்டலாம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசு போதும். தனிப் பாத்திரத்தில் கரைத்து ஊற்றுங்கள். கெளுத்தி வகைகளுக்குப் பாதி அளவோடு நிறுத்துவது நல்லது. செடிகள் இருந்தால் நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அயோடின் உப்பு மீனைக் கொன்றுவிடும் என்ற பயம் தேவையில்லை, அதில் அயோடின் மிகச் சொற்பம். ஆனாலும் எதுவும் சேர்க்காத கல் உப்பே எளிது.

பேரன் செய்ததில் உண்மையான சிக்கல் வேறு. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இதே மாவட்டத்து வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் நடப்பதே இந்த ஒரு வித்தையில்தான். குறைந்த தண்ணீரை நிரப்பும்போதெல்லாம் அவன் உப்பும் போட்டான். நிரப்பியதோ கரிக்கும் கிணற்று நீர். திண்ணையிலேயே ஒரு குட்டி உப்பளம்! கிணற்று நீரைத் தம்ளரில் தந்தார்கள். நாக்கு நுனியில் தெரிந்தது.

உங்கள் வீடு திருவான்மியூரோ தூத்துக்குடியோ, ‘உப்பு போடலாமா?’ என்று கேட்கும் முன் ஊற்றும் தண்ணீரில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். சில நூறு ரூபாய் டி.டி.எஸ் மீட்டர் போதும். இந்திய குடிநீர்த் தரம் டி.டி.எஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. மீட்டர் உப்பையும் கடினத்தன்மையையும் சேர்த்தே காட்டும் என்பதை மறக்க வேண்டாம். குழாய் நீரானால் குளோரின் போகும்வரை ஒரு நாள் திறந்து வையுங்கள்.

அக்காள்மடத் தொட்டியில் அன்று மாலையே கால்வாசித் தண்ணீர் மாற்றப்பட்டது. ஊற்றியது, பாட்டி மழைக்காலத்தில் ஓட்டு நீர் பிடித்து மூடி வைத்திருந்த சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து. ஒரேயடியாக மாற்றினாலும் மீனுக்கு அதிர்ச்சி, அதனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் கால்வாசி.

தங்கச்சிமடம் பக்கம் போனால் வில்லூண்டி தீர்த்தத்தைப் பாருங்கள். சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்கிறது தலபுராணம். சிறு நடைபாலத்தில் கடலுக்குள் நடந்தால், நடுவே ஒரு கிணறு. சுற்றிலும் உப்பு, உள்ளே குடிக்கிற தண்ணீர். திரும்பும் வழியில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கடல் மீன் காட்சியகம் இருக்கிறது. குழந்தைகள் கோமாளி மீனைப் பார்த்துவிட்டு வீட்டிலும் கேட்பார்கள். அதற்குக் கல் உப்புக் கரைசல் ஆகாது. கடல்நீரில் மெக்னீசியமும் கால்சியமும் இன்னும் பலதும் உண்டு, அதற்கென்று தனி உப்புக் கலவை வாங்க வேண்டும்.