புதுப்பேட்டையில் ஒரு பிடிவாதக்கார ஸ்பிரிங்

சென்னையைப் பார்க்க வருகிறவர்களில் அநேகர் எழும்பூர்க் காட்சிச்சாலைக்குப் போய் வருகிறார்கள். பழைய நாளில் ஜனங்கள் அதற்குச் 'செத்த காலேஜ்' என்று பெயர் சூட்டியிருந்தனர். அங்கிருந்து சிறிது தூரத்தில், கூவம் நதியின் ஓரமாக, செத்தவற்றுக்கு உயிர் கொடுக்கும் காலேஜ் ஒன்றும் உண்டு. அதன் பெயர் புதுப்பேட்டை. பழைய மோட்டார் வண்டிகளைப் பிரித்து விற்பதும், பிரிந்தவற்றைக் கூட்டுவதுமே அங்கே நித்திய கருமம்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், நமது தந்தையாருடைய புல்லட் மோட்டார் சைக்கிளின் 'ஹெட்'டைத் துணிப்பையில் சுமந்துகொண்டு அப்பேட்டைக்குள் பிரவேசித்தோம். அவர் 1974-ல் வாங்கிய வண்டி அது. பதினோரு வருஷமாக மௌனம் சாதித்தது. தந்தையாருக்கு வயது எண்பத்திரண்டு. காது நாளுக்கு நாள் மந்தமாகி வருகிறது. அது முற்றும் அடைபடுமுன் அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்தது ராயல் என்ஃபீல்டு. 1955-ல் அக்கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆதியில் உறுப்புகள் கப்பலில் வந்தன. பிறகு இங்கேயே செய்யப்பட்டன. 1977-ல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. மாணாக்கன் குருவுக்கே பாடம் சொன்ன கதைதான்!

நம் கதைக்கு வருவோம். இந்த யந்திரத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ஸ்பிரிங்குகள். அவற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இரு பாதியாகப் பிளந்த சிறு லாக்கை வால்வுத் தண்டின் பள்ளத்தில் பொருத்த வேண்டும். வீட்டில் இரண்டு நாள் மல்லுக்கட்டினோம். ஸ்பிரிங் துள்ளியது, லாக்கின் ஒரு பாதி பறந்துபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தது. "ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுங்கள்" என்று யோசனை சொன்னார் நண்பர் ஒருவர்.

புதுப்பேட்டைப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் திடுக்கிட்டார்.

"வெட்டிடாதீங்க, வாத்தியார் சார்! ஸ்பிரிங் பலம் குறைஞ்சா வால்வு நேரத்துக்கு மூடாது. பிஸ்டன் வந்து முட்டிரும்."

யந்திரம் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் வால்வு 1500 தடவை, அதாவது விநாடிக்கு 25 தடவை, திறந்து மூட வேண்டுமல்லவா? இந்தக் கணக்கு நமக்கு அப்போதுதான் உறைத்தது.

"கீழே என்ன முட்டுக் குடுத்தீங்க?" என்றார்.

"ஒன்றும் இல்லையே, பாய்" என்றோம்.

அவர் சிரித்தார். மேலே அமுக்க அமுக்க வால்வும் கூடவே கீழே இறங்கியிருக்கிறது. பள்ளம் எப்படி வெளியே வரும்? ஒரு மரக்கட்டையை வால்வின் அடியில் வைத்தார், ஸ்பிரிங்கை அமுக்கினார், லாக்குகளில் கிரீஸ் தடவி ஒட்டவைத்து, மெல்லத் தளர்த்தினார். நாலு நிமிஷத்தில் காரியம் முடிந்தது.

'முரடன்' என்று நாம் வகுப்பில் பெயர் வைத்த சில பையன்களின் முகங்கள் அச்சமயம் ஞாபகத்துக்கு வந்தன. அவர்களுக்கு அடியில் என்ன முட்டுக் கொடுத்தோம்?

மறுநாள் மாலை புல்லட் முழங்கியது. தந்தையார் பெட்ரோல் டாங்கியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "டாப்பெட் கொஞ்சம் சத்தம் போடுகிறதே!" என்றார்.

நமக்கு ஒன்றும் கேட்கவில்லை.