கைப்பிடியில் இருக்கிறது கத்தி



கத்தி வாங்கச் செல்லுகிற எவரும் முதலாவது அலகைத்தான் பார்க்கிறோம். நகத்தின் மேல் வைத்துக் கூர்மையைச் சோதிக்கிறோம். இரும்பா, எவர்சில்வரா என்று கேட்கிறோம். ஆனால் அந்தக் கத்தி நம்மிடத்தில் இருக்கும் காலமெல்லாம் நம்முடைய கை தொடுவது அலகை அல்ல, கைப்பிடியையே. நல்ல அலகும் கெட்ட பிடியும் சேர்ந்தால், முதலாவது வெட்டுப்படுவது காயோ கயிறோ அல்ல, பிடித்தவனுடைய விரல்தான்.

நகரத்தில் வாழும் நம்மில் அநேகருக்கு மடக்குக்கத்தி என்பது எப்போதாவது பழம் நறுக்கும் பொருள். ஆனால் நான் வளர்ந்த சக்குபள்ளத்தில் அது அன்றாட ஆயுதம். குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையிலுள்ள அந்த ஏலமலையில், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த நம் ஜனங்கள் தோட்டம் தோட்டமாக வேலை செய்தார்கள். சாக்கு நூலை அறுக்க, மிளகுக்கொடியைக் கட்டிய கயிற்றை வெட்ட, காலில் தைத்த முள்ளை எடுக்க என்று எல்லாவற்றுக்கும் மடியிலிருந்த சிறு கத்தியே உதவியது. ஆடி மாதத்து மழையில், கை நனைந்து விறைத்திருக்கும் வேளையில், வழுவழுப்பான பிடி எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர்களுக்கு ஒருவரும் போதிக்கவேண்டியதில்லை. சாதாரண மடக்குக்கத்தியில் அலகைப் பூட்டி நிறுத்தும் அமைப்பு இல்லை. முதுகிலுள்ள வில்தகடு ஒன்றே அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. பிடி கைக்குள் திரும்பினால் அலகு விரலின்மேல் மடங்கிவிடும்.

என் தகப்பனார் சில வருஷங்களுக்கு முன் காலமானபோது அவருடைய தகரப் பெட்டியில் இரண்டு மடக்குக்கத்திகள் இருந்தன. ஒன்றின் பிடி காப்பி மரத்தால் ஆனது. முன்பு அதில் இருந்த பிளாஸ்டிக் பிடி உடைந்துபோகவே, தோட்டத்தில் கவாத்து செய்து விழுந்த காப்பிக் கிளையைச் செதுக்கி, இரண்டு பக்கமும் வைத்துப் பித்தளை ஆணி அறைந்திருந்தார். காப்பி மரம் நெருக்கமான இழையுள்ள கெட்டியான மரம். வெளிறிய மஞ்சளாயிருந்த அது, முப்பது வருஷம் அவர் கையின் எண்ணெயும் வியர்வையும் ஊறி, காய்ந்த பேரீச்சம்பழ நிறமாகியிருந்தது. பெருவிரல் வைக்கும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தது.

மற்றொன்று வேலை ஓய்வு பெற்றுப் போன ஒரு தோட்ட மேற்பார்வையாளர் கொடுத்தது. அதன் பிடி பழுப்பு நிறத்தில், மேடும் பள்ளமுமாக, கரடுமுரடாயிருந்தது. "மான் கொம்புப் பிடி" என்று வீட்டில் எல்லாரும் சொல்லுவோம்.

திருப்பூரில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் அதைக் கைபேசியில் படம் எடுத்து யாருக்கோ காட்டினான். நல்ல விலை தருவதாக ஒருவர் சொல்லிவிட்டார். அவன் என்னிடம் வந்து, "சித்தப்பா, பாப்பாவின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒத்தாசையாயிருக்கும், விற்றுவிடட்டுமா?" என்றான். அவனுடைய நெருக்கம் எனக்குத் தெரியும். அந்த வருஷம் ஆலையில் வேலை குறைந்திருந்தது. ஆகிலும், கொம்பு என்றால் அது சாதாரணக் காரியம் அல்ல.

மிளா என்றும் கடமான் என்றும் நாம் அழைக்கும் மிருகம், சக்குபள்ளத்துக்கு அருகிலுள்ள பெரியாறு காடுகளில் இன்றும் உலாவுகிறது. அதன் கொம்பு உள்துளை குறைந்து கெட்டியாயிருப்பதால், ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கும் ஜெர்மனியின் சோலிங்கனுக்கும் கப்பலேறிப் போய், அங்குள்ள கத்திகளுக்குப் பிடியாயிற்று. இயற்கையான சொரசொரப்பு நனைந்த கையிலும் நழுவாது என்பதே அதன் மதிப்பு. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காரியம் மாறிவிட்டது. அனுமதியின்றி மான் கொம்பில் வியாபாரம் செய்வது குற்றம். தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பைச் சரணாலயத்திலிருந்து எடுத்து வருவதும் குற்றமே. கட்டணத்துக்காக விற்கப்போய், வழக்கில் சிக்கிக்கொண்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன?

எனவே, "முதலாவது அது கொம்புதானா என்று பார்ப்போம்" என்றேன். ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து இருவரும் ஜன்னல் அருகே உட்கார்ந்தோம். கொம்பின் மேடு பள்ளங்கள் வளர்ச்சியில் உண்டானவை. நீளவாக்கில் ஓடும், இரு பக்கமும் ஒன்றுபோல் இராது. இந்தப் பிடியிலோ, குட்டையான வெட்டுகள் ஒரே அளவில், ஒரே சாய்வில், வரிசையாயிருந்தன. வெட்டுப்படாத ஓரங்களில் ஊசிமுனை போன்ற கரும்புள்ளிகள் தெரிந்தன. உயிரோடிருந்த காலத்தில் எலும்புக்குள் இரத்தம் ஓடிய நுண்குழாய்கள் அவை. ஆம், அது மாட்டெலும்பு. கொம்பைப்போல் தோன்றும்படி இயந்திரத்தால் கொத்திச் சாயம் ஏற்றுவது மேல்நாட்டுக் கத்திப் பட்டறைகளின் பழைய வழக்கம். சட்டப் பயம் நீங்கியது. சொன்ன விலையும் கூடவே நீங்கிற்று. கட்டணத்தைக் குடும்பத்தார் எல்லாருமாகப் பகிர்ந்துகொண்டோம்.

உங்கள் வீட்டிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய கத்தி இருக்கக்கூடும். அதன் பிடியை அறிந்துகொள்ள எளிய வழிகள் உண்டு. எலும்பு தொட்டவுடன் குளிர்ச்சியாயிருக்கும். பிளாஸ்டிக் அப்படியிராது, அச்சில் வார்த்த கோடும் ஓரத்தில் தெரியும். எருமைக்கொம்பு நம் நகத்தின் பொருளே. ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும், பூச்சியும் அரிக்கும். பெருவிரலால் அழுத்தித் தேய்த்தால் சூடத்தின் வாசனை வருகிறதா? அது செல்லுலாய்டு. யானைத் தந்தத்துக்கு மாற்றாக 19ஆம் நூற்றாண்டில் வந்த இந்தப் பொருள் பார்வைக்கு மிகவும் அழகானது. ஆனால் வயதாகும்போது அது அமிலப் புகையை வெளியிட்டு, தான் தாங்கி நிற்கும் அலகையே துருப்பிடிக்கச் செய்கிறது. அதே பெட்டியிலுள்ள மற்றக் கத்திகளையும் கெடுக்கிறது. அதைத் தனியே வையுங்கள், நெருப்பண்டை கொண்டுபோகாதிருங்கள்.

மரப்பிடிக்கும் குறை உண்டு. பிரான்சின் சவாய் மலைநாட்டில் 1890இல் தோன்றிய ஓப்பினெல் கத்திக்கு இன்றும் பீச் மரப்பிடிதான் பிரதானம். நனைந்தால் மரம் உப்பி, அலகைத் திறக்கவே கடினமாகிவிடும். சுவிட்சர்லாந்தின் படைவீரர் கத்தியும் முதலில் மரப்பிடியோடுதான் வந்தது. மரம் வெடித்ததினிமித்தம் வேறு பொருளுக்கு மாறினார்கள்; 1961இல் சொரசொரப்பான அலுமினியம், 2008இல் வழுக்காத மென்பகுதி பதித்த நைலான் என்று பிடி மாறிக்கொண்டே வந்தது. அலகுக்காக எடுத்த பிரயாசம் பிடிக்காகவும் எடுக்கவேண்டியதாயிற்று.

வேதத்திலும் இதைக் குறித்த ஒரு காரியம் உண்டு. உபாகமம் 19ஆம் அதிகாரத்தில், விறகு வெட்டும்போது கோடரியின் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று, அருகிலிருந்தவன்மேல் பட்டு அவன் இறந்துபோவதைப் பற்றிப் பிரமாணம் பேசுகிறது. பகையில்லாமல் அப்படிச் செய்தவனுக்கு அடைக்கலப்பட்டணம் நியமிக்கப்பட்டது. ஒரு தளர்ந்த பிடியினால் ஒரு ஜீவன் போகும், மற்றொருவன் ஓடி ஒளியவேண்டிவரும் என்பதை அந்த நாட்களிலேயே எண்ணிப்பார்த்திருக்கிறார்கள்.

என் அண்ணன் மகன் எலும்புப்பிடிக் கத்தியை வைத்துக்கொண்டு, காப்பிமரக் கத்தியைக் கடைத்தெருவுக்கு எடுத்துச் சென்றான். சாணை பிடிப்பவர், "பிடி பழசு, சிவப்பு பிளாஸ்டிக் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லி, தளர்ந்த ஆணியை மாத்திரம் இறுக்கி வாங்கி வந்தான். மரத்தைத் தண்ணீரில் ஊறப்போடாமல், நனைந்தால் உடனே துடைத்து, வருஷத்துக்கு ஒருமுறை சில துளி ஆளிவிதை எண்ணெய் தடவும்படி சொல்லியிருக்கிறேன். பெருவிரல் பள்ளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம் என்றும் சொன்னேன். என் தகப்பனாரின் விரலைவிட அவன் விரல் சற்றுப் பெரியது. ஆனாலும் அந்த இடத்தில் அது சரியாய்ப் பொருந்துகிறது.