கல்மரமும் செம்மணலும்: ஐந்து நாள் சாலைக் குறிப்பேடு

முதல் நாள், காலை. பரங்கிமலை.

சென்னைப் பரங்கிமலையின் படிகளில் ஏறுகிறவர்கள் உச்சியில் இருக்கும் தேவாலயத்தைப் பார்க்கிறார்கள், தாழப் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்க்கிறார்கள். மலையாகவே நிற்கும் பாறையைப் பார்ப்பவர் குறைவு. நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறம். உடைத்தால் எண்ணெய் தடவியதுபோன்ற மினுமினுப்பு. சுற்றுவட்டாரத்தில் இதற்குப் பல்லாவரம் கருங்கல் என்றுதான் பெயர். வீட்டு அடித்தளத்துக்கும் தார்ச்சாலை ஜல்லிக்கும் போன கல். புவியியலார் வைத்த பெயர் சார்னோக்கைட்.

அந்தப் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கொல்கத்தாவை நிறுவியவராகப் பொதுவாகச் சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் 1690களின் தொடக்கத்தில் இறந்தபோது, அவர் சமாதிக்கான கல் சென்னைப் பக்கத்திலிருந்து கடல்வழியே போயிற்று. இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலார் அந்தக் கல்லையும் பரங்கிமலைப் பாறையையும் ஒன்றென்று கண்டு, சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். இன்று அண்டார்டிகாவில் இதே வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். பெயர் சூட்டப்பட்ட மூல இடம் என்பதால் 1975இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்தது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. தரைக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழே, நீர்ச்சத்து அற்றுப்போன வெப்பத்தில் வெந்து உருவானது. மேலே கிடந்ததெல்லாம் தேய்ந்து கழிந்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தது.

இதே வட்டாரத்தில், பல்லாவரத்துச் செம்பூரான் சரளையில், 1863 மே 30ஆம் நாள் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. இவர் பெயர் ஐந்தாம் நாளில் மறுபடி வரும்.

முதல் நாள், மாலை. மாமல்லபுரம்.

கணேச ரதத்துக்கு அருகில், வழுக்குப் பாறையின் சரிவில், எந்த நிமிடமும் உருண்டு வந்துவிடும் போலத் தோன்றும் ஒரு குண்டுக் கல். வெண்ணெய் உருண்டை என்று கூப்பிடுகிறார்கள்; வான் இறைக் கல் என்ற பெயரும் உண்டு. உயரம் சுமார் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர், எடை 250 டன் அளவில் என்பது வழக்கமான கணக்கு. 1908இல் சென்னை ஆளுநர் ஒருவர் ஏழு யானைகளைப் பூட்டி இழுக்கச் சொன்னார், கல் அசையவில்லை என்ற கதையை வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, கல் அசையாமல் இருப்பதற்கு யானைகளை அழைக்காமலே காரணம் சொல்ல முடியும்.

இதை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே உருவானது. பெரும்பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் ஓட, அவற்றின் வழியே நீர் இறங்குகிறது. விரிசல்கள் வெட்டிக்கொள்ளும் மூலைகள் மூன்று பக்கமும் அரிபடுகின்றன. தட்டையான முகப்போ ஒரு பக்கம் மட்டும். மூலைகள் முதலில் உதிர, கட்டியாக இருந்தது உருண்டையாகிறது. சுற்றியிருந்த உளுத்த பகுதி மழையில் கரைந்து போனபின் கடினமான நடுப்பகுதி தனித்து நிற்கிறது. அடியில் அது தொடும் இடம் முன்னாலிருந்து தெரிவதைவிடப் பெரியது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் உருண்டை அரையுருண்டையாகிவிடும். ஒரு பெரிய பாளம் அங்கே இல்லை. படம் எடுப்பவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

இரண்டாம் நாள். திருவக்கரை.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் வராக நதிக் கரையோரச் சிற்றூர். சந்திரமௌலீசுவரர் கோயிலும் அங்கே வீற்றிருக்கும் வக்கிரகாளியும் பௌர்ணமிதோறும் கூட்டம் சேர்ப்பவை. கோயிலுக்கு வந்தவர்களில் சிலர் மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும் வேலிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே வெட்டிப் போட்ட மரத்துண்டுகள் போலக் கிடப்பவை மரத்துண்டுகள் அல்ல, கல். ஊர்வழக்கில் கல்மரம். சுமார் 100 ஹெக்டேர் பரப்பில் இருநூறு அளவில் அடிமரங்கள்; நீளம் 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை.

பட்டையின் கீறல், கணு, ஆண்டு வளையம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தட்டினால்தான் கை ஏமாறும். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன், வெள்ளம் அடித்துவந்த மரங்கள் ஆற்று மணலில் புதைந்தன. காற்றுப் புகாததால் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் கண்ணறைகளில் சிறிது சிறிதாகப் படிந்து, மரம் கழிந்த இடத்தில் கல் நின்றது. புதைந்த மணலே இன்று கடலூர் மணற்கல். மரங்கள் இங்கேயே நின்று விழுந்தவை அல்ல என்பதற்குச் சான்று எளிது: ஒன்றிலும் வேர் இல்லை, கிளை இல்லை. உருண்டு வந்த வழியில் அவை முறிந்துபோயின. புளியின் குடும்பத்தையும் ஆமணக்கின் குடும்பத்தையும் சேர்ந்த மரங்கள் இவற்றில் இனங்காணப்பட்டுள்ளன.

வக்கிரகாளி வதைத்த அசுரர்களின் எலும்புகளே இப்படிக் கிடக்கின்றன என்று சொல்லும் வழக்கும் உண்டு. சிரிக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது பிறகு கல்லாயிற்று என்ற அடிப்படை அந்தக் கதையில் சரியாகவே இருக்கிறது. ஐரோப்பியர்களில் பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னெரா 1781இலேயே இதைக் குறித்தார். பூங்காவாக வேலி கட்டியது 1940இல். சுற்றிலும் கல்குவாரிகள் இருப்பதாலும், ஒரு துண்டு பையில் போட்டுக்கொள்ளும் கைகள் ஓயாததாலும், வேலிக்கு இன்றும் வேலை இருக்கிறது.

மூன்றாம் நாள். காரை.

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரைவிட்டுக் கிழக்கே திரும்பினால் சில கிலோமீட்டரில் நிலம் மாறிவிடுகிறது. பயிர் நின்றுபோய், கருவேலமும் குறைந்து, செம்பழுப்புக் களிமண் மேடுகள் எழுகின்றன. மழைநீர் அரித்த ஓடைகள் விரல்விரலாகப் பிரிந்து, மேடு பள்ளமாக, புல்கூடச் சரியாக ஒட்டாத நிலம். உழவனுக்கு இது பாழ்நிலம். தமிழ்நாட்டில் ஒரே ஓர் இடத்தை மட்டும் போய்ப் பார்க்க நேரம் உண்டென்றால் பார்க்க வேண்டியது இதுதான்.

இது கடலின் தரை. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முன், டைனோசர்கள் நடமாடிய கிரெட்டேசியக் காலத்தில், கோண்டுவானா நிலம் பிளந்து இந்தியா விலகிக்கொண்டிருந்தபோது, கடல் இன்றைய கரையிலிருந்து உள்ளே வெகுதூரம் ஏறி நின்றது. அமைதியான நீரில் படிந்த சேறுதான் இந்தக் களிமண். வெயிலில் கண்ணாடிச் சில்லுபோல மின்னுபவை ஜிப்சப் படிகங்கள். அடுக்குகளை வெட்டிக்கொண்டு வெள்ளை நரம்பாகவும் ஓடும். தரையில் துப்பாக்கித் தோட்டாவைப் போலக் கூர்முனையோடு கிடப்பவை பெலம்னைட்டுகள். கணவாயின் தூரத்து உறவான ஒரு கடலுயிரி, அதன் உடலுக்குள் இருந்த கெட்டித் தண்டு இது. சுருண்ட சங்குபோல இருப்பவை அம்மோனைட்டுகள். கண்டகி ஆற்றிலிருந்து பூசைக்கு வரும் சாளக்கிராமமும் அம்மோனைட் பதிந்த கல்தான் என்பதால், முதன்முறை பார்ப்பவருக்கும் வடிவம் புதிதாக இருக்காது.

மழை பெய்த மறுவாரம் போவது நல்லது. ஒவ்வொரு மழையும் மண்ணைக் கொஞ்சம் கழுவிப் புதிய ஓடுகளை மேலே கொண்டுவரும். பார்க்கலாம், படம் எடுக்கலாம். எடுத்துப்போனால் எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி போய்விடுகிறது, அந்தச் செய்தி இல்லாத ஓடு வெறும் மேசை அலங்காரம்.

இந்த அடுக்குகளை 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாக வகுத்து எழுதியவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அடுத்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இன்றைய செக் நாட்டில் பிறந்தவர், இந்த ஊர்களின் சங்குகளையும் சிப்பிகளையும் ஒவ்வொன்றாக விவரித்துப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 1874இல் லடாக் மலைகளில் இறந்து லேயில் புதைக்கப்பட்டார். உலகத்தின் எந்த மூலையில் கிரெட்டேசியக் கடலுயிர்களைப் படிப்பவருக்கும் ஊட்டத்தூர் தெரிந்த பெயர். பக்கத்து நெடுஞ்சாலையில் போகும் பேருந்துப் பயணிக்கு அது ஒரு கோயில் ஊர், அவ்வளவுதான்.

நான்காம் நாள். சாத்தனூர், அரியலூர்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஓடைக்கரையோரமாகப் படுத்திருக்கிறது ஒரே ஒரு மரம். நீளம் 18 மீட்டருக்கும் மேல். 1940இல் இதை அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன், பின்னாளில் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநரானார். துறை குறிப்பிடும் வயது சுமார் 12 கோடி ஆண்டு. திருவக்கரைக் கல்மரத்தோடு இதை ஒன்றாக வைத்துப் பேசுவது வழக்கம், ஆனால் இரண்டுக்கும் நடுவே பத்துக் கோடி ஆண்டு இருக்கிறது. இது பூக்காத மரம், ஊசியிலை வகை. கிடப்பதும் ஆற்று மணலில் அல்ல, கடற்படிவில். கரையில் வளர்ந்த மரம் ஆற்றோடு கடலுக்குப் போய், மிதந்து, நீர் ஊறி, சிப்பிகளுக்கு நடுவே மூழ்கியிருக்கிறது. பக்கத்துக் காருடமங்கலத்தில் கிடைக்கும் சிப்பி நிறைந்த சுண்ணக்கல் மெருகேற்றினால் பளபளக்கும். திருச்சி மார்பிள் என்ற பெயரில் அது அலங்காரப் பொருள்களாயிற்று.

அரியலூர்ப் பக்கம் அதே கடலின் பிற்காலச் சிப்பிகள் சிமெண்டுக்காக வெட்டப்படுகின்றன. சுண்ணாம்புச் சுரங்கம் தோண்டாவிட்டால் பல அடுக்குகள் வெளியே தெரிந்திராது. தோண்டியதில் அரைபட்டதற்கும் கணக்கில்லை. செந்துறை அருகே 2009இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டைனோசர் முட்டைகளைக் கூட்டங்கூட்டமாகக் கண்டனர். அதிலிருந்து இந்த மாவட்டங்களில் உருண்டையாக எது கிடைத்தாலும் டைனோசர் முட்டை என்று செய்தி பரவும். 2020இல் குன்னம் பகுதியில் ஓர் ஏரியில் கிடைத்த உருண்டைகளுக்கும் அப்படித்தான் கூட்டம் கூடியது. அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய மண் உருண்டைகள் என்று பிறகு தெரிந்தது. முட்டையைவிட அம்மோனைட் மூத்தது என்பதைச் சொல்லி அந்த ஏமாற்றத்தை யாரும் ஆற்றவில்லை.

ஐந்தாம் நாள். தேரி.

திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்துக்கு வந்ததும் சாலையோரம் குங்குமம் கொட்டியதுபோலச் சிவக்கிறது. மணற்குன்றுகள்; கடற்கரை மணலின் வெள்ளை இல்லை, ரத்தச் சிவப்பு. இதுவே தேரி, தேரிக்காடு. குதிரைமொழித் தேரி மட்டும் 12,000 ஏக்கர் அளவுக்குப் பரந்தது. நான்கு நாளும் கோடிகளில் எண்ணிவந்த கணக்கு இங்கே ஆயிரங்களுக்கு இறங்குகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடிக்காற்று கிழக்கே பாய்கிறது. கடல் தாழ்ந்திருந்த காலத்தில் வெளிப்பட்ட மணலையும் நிலத்து மண்ணையும் காற்று அள்ளிக் குவித்தது. மணலில் கலந்துள்ள இரும்புத்தாதுகள் துருவேறி ஒவ்வொரு பரலையும் மெல்லிய செந்தோலாக மூடியதால்தான் இந்த நிறம். நன்றாகத் தேய்த்துக் கழுவினால் உள்ளே இருப்பது சாதாரண மணல்.

பரங்கிமலையில் விடைபெற்ற புரூஸ் ஃபூட் இந்தத் தேரிகளையும் நடந்து பார்த்து எழுதியவர். இம்மணலில் கிடைக்கும் நகம் அளவேயான கற்கருவிகளைப் பற்றிய விரிவான ஆய்வு 1956இல் வெளிவந்தது. குன்று நகரும்போது அவை இன்றும் தலைகாட்டுகின்றன. நகர்வதை நிறுத்தப் பனையும் முந்திரியும் உடையும் வளர்க்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டியின் சுவை இந்தப் பனைகள் தருவது.

மணல் மழையை வழியவிடாமல் உறிஞ்சிக்கொள்வதால் தேரியின் காலடியில் சுனை கசியும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் பெயரே அதைச் சொல்கிறது. திருச்செந்தூர்க் கடற்கரையின் நாழிக்கிணறு வேறு விதம்: அலைக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர். கரையோர மணலுக்கடியில் கனமான உப்புநீரின்மேல் மழைநீர் மிதந்து நிற்கும் என்பதால் இப்படி அமைவது உண்டு.

வெயில் தாழ்ந்த பிறகே தேரியில் நடக்க முடியும். பகலில் கால் பொரியும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் டிசம்பர் நடுவில் நடக்கும் கள்ளர் வெட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் இந்த மணலில் கூடுகிறார்கள். கள்ளனுக்குப் பதிலாக வெட்டுப்படுவது ஓர் இளநீர். நீர் சிந்திய செம்மணலை அள்ளி முந்தியிலும் பையிலும் முடிந்துகொண்டு, வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டுபோகிறார்கள்.