துணியில் வெட்டிய பல்லுச்சில்லு

துணியில் பல்லுச்சில்லு செய்யலாம் என்று சொன்னால் என் கம்பஸ் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் இரும்புச் சில்லோடு சேர்ந்து வருசக்கணக்காகச் சுழலும் துணிச் சில்லுகள் உலகம் முழுக்க இருக்கின்றன. பழைய கார் எஞ்சின்கள் சிலவற்றின் உள்ளேயும் இருந்தன. எங்கள் ஊரில் அதற்கு 'பைபர்' என்று பெயர். நைலோனுக்கும் பைபர்தான், கண்ணாடியிழைப் படகுக்கும் பைபர்தான், இதற்கும் பைபர்தான். ஒரே சொல்லுக்குள் இத்தனை பொருள்களையும் போட்டு மூடிவைத்திருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் படிப்பது கலைப்பீடத்தில். மாமா வைத்திருப்பது யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன லேத் கடை. கம்பஸ் மூடிக் கிடந்த மாதங்களில் அங்கே கணக்கு எழுதப் போனேன். கணக்கு ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதுதான்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பருத்தித் துணியை பீனோலிக் றெசினில் தோய்த்து, காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெரிய பிரசுக்குள் சூடாக்கி அமத்தினால் ஒரு கட்டிச் சீற் வரும். ஒருமுறை இறுகினால் அது திரும்ப உருகாது. இந்த றெசின்தான் பேக்கலைட். 1907இல் லியோ பேக்கலண்ட் என்ற பெல்ஜிய நாட்டுக்காரர் அமெரிக்காவில் செய்தது. பழைய றேடியோப் பெட்டி, கறுப்பு ரெலிபோன் எல்லாம் அதன் பிள்ளைகள். மேசைகளுக்கு மேலே ஒட்டுகிற போர்மைக்காவும் இந்தக் குடும்பம்தான். 1913இல் மின்சாரக் காப்புக்கு மைக்காவுக்குப் பதிலாக வந்ததால் 'போர் மைக்கா'.

சீற் எல்லாம் பார்வைக்கு ஒரே மண்ணிறம். ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு. சிலதில் துணிக்குப் பதில் கடதாசி. அது மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும், விலையும் குறைவு. ஆனால் அடி தாங்காது, பல்லு வெட்டினால் உடையும். துணியிலும் இரண்டு வகை. தடித்த நெசவு என்றால் அடியை நன்றாகத் தாங்கும். மெல்லிய நெசவில் நுணுக்கமான வேலை செய்யலாம். மாமா இதை ஒரு வசனத்தில் சொன்னார்:

"பல்லு சின்னனெண்டால் நூலும் சின்னனா இருக்கவேணும் பிள்ளை. இல்லாட்டி ஒரு பல்லுக்குள்ள நாலு நூல்தான் நிக்கும். நாலு நூல் என்னத்தைத் தாங்கும்?"

சீற்றின் ஓரத்தை ஈரத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு தெரியும். பிறகு நானும் கடைக்கு வரும் ஒவ்வொரு துண்டையும் அப்படிப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

வந்த வேலை ஒரு பழைய அச்சு மெசினுடையது. அறுபது பல்லுச் சில்லு ஒன்றில் நாலைந்து பல்லு போய்விட்டது. அச்சகக்காரர், "இரும்பிலயே வெட்டித் தாங்கோவன் அண்ணை, ஒரேயடியா முடிஞ்சிடும்" என்றார். மாமா மறுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்படிச் சில்லு போடுவதற்கு இரண்டு காரணம். இரும்போடு இரும்பு உரசினால் சத்தம் காதைப் பிளக்கும். மற்றது, மெசினுக்குள் ஏதாவது சிக்கினால் உடைய வேண்டியது மலிவான சில்லு. அதுவும் இரும்பாக இருந்தால் மற்றப்பக்கத்து விலைகூடிய சில்லோ தண்டோ போய்விடும்.

நைலோன் போடலாமே என்று நான் கேட்டேன். நைலோன் சூட்டுக்குப் பல மடங்கு கூட விரியும், தண்ணியையும் குடிக்கும். இறுக்கமான இடத்தில் பல்லோடு பல்லு சிக்கிக்கொள்ளும். துணிச் சீற்றும் கொஞ்சம் ஈரம் உறிஞ்சும்தான், ஆனால் வடிவம் அவ்வளவாக மாறாது. எடை இரும்பில் ஆறில் ஒரு பங்கு அளவுதான்.

வெட்டுகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் தமிழில் இதை எழுதி நான் எங்கேயும் பார்த்ததில்லை. சீற்றின் முகம்தான் சில்லின் முகமாக இருக்கவேண்டும். அதாவது துணி அடுக்குகள் அச்சுத்தண்டுக்குச் செங்குத்தாகப் படுத்திருக்கவேண்டும். அப்போது ஒவ்வொரு பல்லுக்குள்ளும் எல்லா அடுக்கின் நூலும் ஓடும். திருப்பி வெட்டினால் பல்லு அடுக்கடுக்காக உரிந்துவிடும். மொடியூல் 2, பல்லு 60 என்றால் வெளி விட்டம் 124 மில்லிமீற்றர்: பல்லு எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி மொடியூலால் பெருக்கவேண்டும். லேத்தில் அந்த அளவுக்குக் கடைந்து, பிறகு மில்லிங் மெசினில் ஏற்றி, ஒவ்வொரு பல்லுக்கும் பிரிக்கிற தலையின் கைபிடியை மூன்றில் இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். தலை நாற்பதுக்கு ஒன்று என்பதால் இந்தக் கணக்கு. வெட்டின் ஆழம் 4.5 மில்லிமீற்றர். கத்தி வெளியே வருகிற பக்கத்தில் துணி பிய்ந்து நூல் நூலாகத் தொங்காமல் இருக்க, பின்னால் ஒரு மரத்துண்டை இறுக்கிக்கட்டுவார்கள். துளை போடும்போதும் அப்படித்தான். சீற்றின் ஓரத்துக்குள்ளால் துளைப்பதென்றால் இரண்டு பக்கமும் கிளாம்ப் போடவேண்டும், இல்லாவிட்டால் விறகு மாதிரிப் பிளக்கும்.

கத்தி கூராக இருக்கவேண்டும், கார்பைட் என்றால் நல்லது. இந்தப் பொருள் சூட்டைக் கடத்தாது. வெட்டுகிற சூடு முழுக்கக் கத்தி நுனியிலேயே நிற்கும். மழுங்கிய கத்தியால் வெட்டினால் ஓரம் கருகி மணக்கும். இரும்புக்கு ஊற்றுகிற கூலன்ட்டையும் இதற்கு ஊற்றுவதில்லை, பருத்தி உறிஞ்சிவிடும். ஆகவே எல்லாம் உலர்ந்த வெட்டு. உலர்ந்த வெட்டு என்றால் தூசி.

மண்ணிறத் தூசி. மேசை, சேர்ட், மூக்கு எல்லா இடமும். கடையில் வேலை பழகுகிற தம்பி முகத்தில் ஒரு லேஞ்சியைக் கட்டிக்கொண்டு வெட்டுவான். துணி லேஞ்சி இந்த மெல்லிய தூசியை மறிக்காது. பருத்தியும் றெசினும் சேர்ந்த தூள், தோலில் பட்டாலே சிலருக்குக் கடிக்கும். கொரோனாக் காலத்து என்95 மாஸ்க் வீட்டில் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா ஒரு வக்கியூம் மெசினின் குழாயைக் கத்திக்குப் பக்கத்தில் கட்டினார். பாதித் தூசி குறைந்தது.

பெரிய பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. சரியான சீற் கையில் இல்லை. 2022க்குப் பிறகு இறக்குமதிச் சாமான்களின் விலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கொழும்பிலிருந்து வர நாளாகும் என்றார்கள். ஆனால் கடை மூலையில் ஒரு பழைய தடித்த சீற் கிடந்தது. எங்கேயோ மூடிய ஆலை ஒன்றிலிருந்து பழைய இரும்போடு வந்தது. முத்திரை இல்லை, பெயர் இல்லை. அளவு கச்சிதம்.

அதற்கு முந்தின கிழமைதான் தரப்பட்டியல்கள் பற்றி வாசித்திருந்தேன். அமெரிக்கத் தரத்தில் 'சி', 'எல்' என்று பருத்தித் துணிக்கு எழுத்துகள் உண்டு. முன்பு 'ஏ', 'ஏஏ' என்றும் இருந்தன. சூடு தாங்குவதற்காகப் பருத்திக்குப் பதில் அஸ்பெஸ்டஸ் வைத்து அமத்தியவை அவை. நெசவைப் பார்த்து எது எதென்று உறுதியாகச் சொல்லமுடியாது. ஆய்வுகூடத்தில்தான் தெரியும்.

மாமாவிடம் சொன்னேன். அவர் மேலே கையைக் காட்டினார். "உந்தக் கூரையே அஸ்பெஸ்டஸ் சீற்தானே பிள்ளை. அதுக்குக் கீழதானே முப்பது வருசமா நிக்கிறன்."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்த நாட்டில் நிறையப் பேர் அந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்கிறோம். 2018 ஜனவரியில் தொடங்கவிருந்த அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு, 2017 டிசம்பரில் தேயிலைக்குள் வண்டு என்று சொல்லி ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியதும் தள்ளிப்போனது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் விற்கிற நாடு. ஒரு வேலைத்தலத்துத் தம்பியின் நுரையீரலுக்கும் தேயிலைப் பெட்டிக்கும் இடையில் இப்படி ஒரு கணக்கு ஓடுகிறது.

ஆனால் கூரையாக நிற்கிற சீற்றும் கத்திக்குக் கீழே தூளாகிற சீற்றும் ஒன்றில்லை. ஆபத்து நாரை மூச்சில் இழுப்பதில்தான். அறுபது பல்லு வெட்ட அரை நாள் அந்தத் தூளுக்குள் நிற்கப்போவது தம்பி. இதைத்தான் சொன்னேன். மாமா ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு அச்சகக்காரருக்குக் கோல் எடுத்தார். "கொழும்புச் சீற் வரட்டும், அதுவரைக்கும் ஏலாது." அந்தப்பக்கம் ஏச்சுத்தான். கலியாணக் கார்ட் ஓடர்கள் நிற்கிறதாம். அவருடைய நட்டமும் பொய்யில்லை. ஆனாலும் மாமா மாறவில்லை.

சீற் மூன்று கிழமையில் வந்தது. சில்லு வெட்டிப் பூட்டினோம், சத்தமில்லாமல் ஓடுகிறது.

தரம், நெசவு, தூசி பற்றியதெல்லாம் ஆங்கிலக் கட்டலொக்கில்தான் இருக்கிறது. வெட்டுகிறவனுக்கு அது எட்டாது, அவனுக்கு எட்டுவது 'பைபர்' என்ற ஒற்றைச் சொல். கடதாசியா, பருத்தியா, அஸ்பெஸ்டஸா என்று கேட்க அந்தச் சொல் இடம் விடுவதில்லை. மொழி படிக்கிறவர்கள் கலைச்சொல்லாக்கம் பற்றி நிறையக் கதைக்கிறோம். அதன் தேவை எங்கே இருக்கிறதென்று எனக்கு லேத் கடையில்தான் விளங்கியது.

அந்தப் பழைய சீற்றை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. குப்பையில் போடவும் முடியாது, எரிக்கவும் முடியாது, விற்றால் வேறொருவர் வெட்டுவார். இப்போதைக்குப் பொலித்தீன் சுற்றி, "வெட்டவேண்டாம்" என்று மாக்கரால் எழுதி, அதே மூலையில் வைத்திருக்கிறோம்.